ஓட்டுநர் தூங்கவில்லை என்பது குறித்த கூட்டறிக்கை

ஓட்டுநர் தூங்கவில்லை. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனிமேல் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த பதினொரு நிறுவனங்கள் இதைப் பற்றி வாய் ஓயாமல் பேசப்போகின்றன. கேட்டுக்கொண்டே இருந்தால் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். பணிமனையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து பணிமனை, அவ்வளவுதான் அவர் உலகம். பிறவியிலேயே அவருக்குக் கண் இமைகள் இரண்டும் பாதி இறங்கியவை. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு, இந்த ஆள் இப்போதுதான் எழுந்தார், அல்லது இதோ தூங்கப்போகிறார் என்று தோன்றும். பணிமனையில் 'தூங்குமூஞ்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் திரும்பிப் பார்ப்பார். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிள்காரரைக்கூட அவர் உரசியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் அவர் வண்டிக்காக இரண்டு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள், குழியில் இறக்காமல் ஓட்டுவார் என்பதற்காக.

அந்த வருடம் நிர்வாகம் எல்லாப் பேருந்திலும் ஸ்டீயரிங்குக்கு மேலே உள்ளங்கை அளவில் ஒரு கேமரா வைத்தது. செயற்கை நுண்ணறிவு. ஓட்டுநர் தூங்குகிறாரா என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிடும். மற்ற ஓட்டுநர்கள் விவரமானவர்கள். ஒருவர் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினார், ஒருவர் துண்டைத் தொங்கவிட்டார், இன்னொருவர் தான் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தை எடுத்து அப்பினார். நம்முடைய ஆள்தான் தொடவில்லை. வைத்தவன் ஏதோ காரணத்தோடுதானே வைத்திருப்பான் என்று ஒரு எண்ணம். அந்த எண்ணம்தான் அவரை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டது.

ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு, ஆஸ்பத்திரி முனையில், வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கினார். நான்கு விநாடி. அப்போது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பேருந்து நின்றுகொண்டிருந்தது. கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது. அதற்குக் கண்ணை மட்டும்தான் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, 'நான்கு விநாடி உறக்கம்' என்று அச்சடித்த தாள் தயாராக இருந்தது. உரிமம் முடக்கப்பட்டிருந்தது.

விதி இதுதான். தொண்ணூறு நாளுக்குள் இயந்திரம் தவறு செய்தது என்று எழுத்தில் கொண்டுவந்தால் உரிமம் திரும்பக் கிடைக்கும். கொண்டுவராவிட்டால் ரத்து. ஐம்பது தாண்டியவர்களுக்குப் புதிதாகக் கனரக உரிமம் கிடையாது. அதாவது தொண்ணூற்றோராவது நாளிலிருந்து அவர் இந்த ஜென்மத்தில் ஒரு பேருந்தை ஓட்ட முடியாது. வேறு வேலை எதுவும் அவருக்குத் தெரியாது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட இடது கால் கிளட்சைத் தேடும்.

கண் டாக்டரிடம் போய் ஒரு சான்றிதழ் வாங்கிவந்தார். பணிமனை எழுத்தர் அதைப் படித்துவிட்டு வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். டாக்டர் கண்ணைப் பற்றித்தான் கருத்துச் சொல்லலாமாம், இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தகுதி இல்லையாம். அதற்கென்று அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சி நிறுவனம்தான் சொல்ல வேண்டுமாம். எழுத்தர் நல்ல மனிதர். பதினைந்து வருடப் பழக்கம்.

"ஒரே ஒரு வரி போதும்ணே. இவர் தூங்கலைன்னு ஒரு வரி. கொண்டாந்து குடுத்தீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல சீல் வச்சுத் தந்துடறேன்," என்றார்.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். விஷயத்தைக் கேட்டதும், முப்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கிற தனக்கே இந்த மனுஷன் எப்போது முழித்திருக்கிறார் எப்போது தூங்குகிறார் என்று சமயத்தில் குழம்பும், நேற்று வந்த மிஷினைச் சொல்லி என்ன பிரயோஜனம் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். வெளியே வந்தபோது, அந்த ஆராய்ச்சி நிறுவனம் எங்கே இருக்கிறது என்று நாலு பேரிடம் விசாரித்து விலாசத்தை எழுதி வைத்திருந்தாள்.

ஊரில் அந்தத் தகுதி உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பொறுப்பான செயற்கை நுண்ணறிவுக்கான உயராய்வு மையம். கண்ணாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. அங்கே ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 'நம்பிக்கை' அறைக்குக் கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும். 'வெளிப்படைத்தன்மை' அறைக்குக் கறுப்புக் கண்ணாடி. 'பொறுப்பு' அறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பதாகக் காவலாளி சொன்னார்.

ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் ஒரு பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும். ஒப்பந்த வேலை. அவர் ஓட்டுநரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். கேமராவின் பதிவையும் வரவழைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கும் நின்ற வண்டியும் அதில் பளிச்சென்று தெரிந்தன. பத்தே நிமிடத்தில் தட்டச்சு செய்து தாளை நீட்டினார். இரண்டே வாக்கியம்: 'இந்த ஓட்டுநர் தூங்கவில்லை. இயந்திரம் தவறாகக் கணித்துவிட்டது.' தாள் இன்னும் சூடாக இருந்தது. ஓட்டுநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இயக்குநரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

இயக்குநர் எழுந்து நின்று ஓட்டுநரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். பற்றியபடியே ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு தாளை வாசித்தார். வாசித்ததும் அவர் முகத்தில் ஒரு உண்மையான துக்கம் படர்ந்தது.

"அடடா, நீங்க நேத்து வந்திருக்கக் கூடாதா?" என்றார்.

நேற்று ஓட்டுநர் பணிமனையில் நகல் எடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அதைச் சொன்னார். இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே விளக்கினார். அன்று காலை பத்தரை மணிக்குத்தான் பன்னாட்டு ஆராய்ச்சிக் கூட்டாண்மை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஒன்பது நாடுகள், பதினொரு நிறுவனங்கள். அதன் நான்காம் பிரிவுப்படி, எந்த ஒரு இயந்திரத்தைப் பற்றியும் எந்த ஒரு கூட்டாளியும் தனியாகக் கருத்துச் சொல்லக் கூடாது. பதினொருவரும் சேர்ந்து கூட்டறிக்கையாகத்தான் வெளியிட வேண்டும். பொறுப்பு என்றால் அதுதான் பொறுப்பு. இப்போது மணி பதினொன்று ஆறு.

"வெறும் முப்பத்தாறு நிமிஷம்தான் லேட். ஆனா ஒண்ணு சொல்றேன், இதுவும் நல்லதுக்குத்தான். பத்தரைக்கு முன்னாடி நீங்க தனி ஆள். இப்ப உங்க பின்னாடி ஒன்பது நாடு நிக்குது," என்றார் இயக்குநர்.

ஓட்டுநருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். ஒரு வரி எழுதுவதற்கு ஒன்பது நாடு எதற்கு என்று கேட்டாள்.

கூட்டாண்மை வேலை செய்கிற விதம் இப்படி. ஒரு வாசகத்தை எல்லாருக்கும் அனுப்புவார்கள். ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஒரு நிறம். அவரவர் நிறத்தில் திருத்தம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். திருத்தம் போடாமல் அனுப்பினால் அந்த நிறுவனம் படிக்கவில்லை என்று அர்த்தம், அடுத்த வருட மதிப்பீட்டில் பங்களிப்பு பூஜ்யம் என்று போட்டுவிடுவார்கள். ஆகவே யாரும் சும்மா அனுப்புவதில்லை. இதற்குக் கருத்துச் சுற்று என்று பெயர்.

முதல் கருத்துச் சுற்று முடிந்தபோது இருபத்திரண்டு நாள் போயிருந்தது. ஓட்டுநர் மூன்றாவது மாடிக்கு நடையாய் நடந்தார். ஒருங்கிணைப்பாளர் திரையில் காட்டினார். இரண்டே வாக்கியம் இருந்த இடத்தில் எல்லா நிறங்களும் அப்பிக்கிடந்தன. கூட்டாளிகளின் பெயர்கள் நீளமானவை என்பதால் ஒருங்கிணைப்பாளரும் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் கூட்டாளி, 'தூங்கவில்லை' என்று நாம் எப்படிச் சொல்ல முடியும், நம்மில் யாரும் அந்தப் பேருந்தில் இல்லையே என்று கேட்டிருந்தது. இயந்திரம் தவறாகக் கணித்தது என்ற வாக்கியத்தைப் பத்தாம் கூட்டாளி முழுசாக அடித்திருந்தது, இயந்திரத்தைக் குறை சொல்வது நம் வேலை இல்லையாம். ஏழாம் கூட்டாளிக்கு 'ஓட்டுநர்' என்ற சொல்லில் ஆட்சேபம். ஒரு மனிதரை அவர் தொழிலுக்குள் சுருக்குவது கண்ணியக் குறைவாம். அதனால் 'வாகனத்தின் முன்பகுதியில் இருந்த நபர்' என்று மாற்றியிருந்தது. ஓட்டுநர் அதை இரண்டு முறை படித்தார். இருபத்தாறு வருடம் ஓட்டியவரை ஒரே திருத்தத்தில் முன்சீட்டுப் பயணியாக்கிவிட்டார்கள்.

"மேடம், நான் ஓட்டுநர்தான். அப்படியே சொல்லலாம். எனக்கு ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்லை," என்றார்.

ஒருங்கிணைப்பாளர் அதையும் ஒரு கருத்தாகப் பதிவு செய்யலாம் என்றார். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு இன்னும் நிறம் ஒதுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றி முடிவெடுப்பார்கள் என்றார். சொல்லும்போது அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் கூட்டாளி ஒரு தத்துவத் துறை. உறக்கம் என்றால் என்ன என்பதே இன்னும் தீர்மானமாகவில்லை, அதைத் தீர்மானிக்காமல் ஒருவர் உறங்கவில்லை என்று சொல்வது அவசரம் என்று பதினான்கு பக்கம் எழுதியிருந்தார்கள். அதற்காக ஒரு துணைக்குழு அமைந்தது. துணைக்குழு இரண்டு வாரம் உட்கார்ந்து, 'உறக்கம்' என்ற சொல்லைத் தொடாமல் இருப்பதே உத்தமம் என்று முடிவுக்கு வந்தது. ஆகவே 'தூங்கவில்லை' போய், 'விழித்திருந்திருக்கக்கூடும்' வந்தது. மூன்றாம் கூட்டாளியின் வழக்கறிஞர்களுக்கு அதுவும் பயம். 'விழித்திருந்திருக்கக்கூடும்' என்று உறுதி கூறுவதற்குப் பதில், 'விழித்திருந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவில்லை' என்றால் யாரும் நம்மேல் வழக்குப் போட முடியாது என்றார்கள். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

நாற்பத்தாறாம் நாள் ஓட்டுநரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். 'பாதிக்கப்பட்டவரின் குரல்' என்று நிகழ்ச்சிநிரலில் ஏழு நிமிடம் ஒதுக்கியிருந்தது. 'நம்பிக்கை' அறையில் ஒரு பெரிய திரைக்கு முன்னால் அவரை உட்காரவைத்தார்கள். திரையில் பதினொரு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். அவருடையது பன்னிரண்டாவது. மனைவி தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை நாலு நாளாக மனப்பாடம் செய்திருந்தார்.

அந்தக் கூட்டத்துக்கென்று ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். யார் கவனமாக இருக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லும். கவனமாக இருப்பவருக்குப் பச்சைப் புள்ளி. கவனம் இல்லாதவருக்குச் சிறிய பிறை நிலா. கூட்டாண்மையின் முதல் கண்டுபிடிப்பு அதுதான் என்று இயக்குநர் பெருமையோடு அறிமுகப்படுத்தினார். ஓட்டுநர் வாயைத் திறந்து, நான் இருபத்தாறு வருடமாக என்று ஆரம்பித்தார். அவர் கட்டத்தில் பிறை நிலா வந்தது. அவர் பேசப்பேச அது இரண்டு தடவை கண்சிமிட்டியது. பிறகு மென்பொருள், 'பங்கேற்பாளர் உறங்கிவிட்டார், கூட்டத்தின் தரத்தைக் காக்க அவரை வெளியேற்றுகிறோம்' என்று அறிவித்து அவர் கட்டத்தை அணைத்துவிட்டது.

அதே நேரத்தில் நான்காம் கூட்டாளியான பெரிய பேராசிரியர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியில் விளக்கு வெளிச்சம் மின்னியதால் அவருக்குக் கூட்டம் முழுக்கப் பச்சைப் புள்ளி. ஓட்டுநர் கண்ணால் பார்த்தார். ஒருங்கிணைப்பாளரும் பார்த்தார். இதுதான், இதேதான் எனக்கு நடந்தது, இப்போது உங்கள் எல்லார் முன்னாலும் நடந்துவிட்டது என்று ஓட்டுநர் எழுந்து நின்று சொன்னார். ஆனால் அவர் சத்தம் அந்த அறைக்கு வெளியே போகவில்லை. அவரைத்தான் வெளியேற்றியாயிற்றே.

பதினைந்து நிமிடம் கழித்து அவரை மறுபடி சேர்த்தபோது அவருடைய ஏழு நிமிடம் முடிந்திருந்தது. எல்லாரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். ஆறாம் கூட்டாளி, மனதை உலுக்கிய பேச்சு என்றது. ஒன்பதாம் கூட்டாளி மட்டும் வேறு ஒன்று சொன்னது. சமநிலை என்பது நம் கூட்டாண்மையின் உயிர், நாம் மனிதர் பக்கமும் சாயக் கூடாது, இயந்திரத்தின் பக்கமும் சாயக் கூடாது, இன்று நம் கண்முன்னாலேயே வேறொரு இயந்திரமும் அதே முடிவுக்கு வந்திருக்கிறது, இரண்டு இயந்திரங்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை ஆராய்ச்சியில் என்னவென்று சொல்வோம் என்று கேட்டது. கேள்வி குறிப்பேட்டில் ஏறியது. மறுநாள் வாசகத்தில் 'விழித்திருந்திருக்கக்கூடும்' என்பதற்கு முன்னால் 'சில கணங்களிலேனும்' என்று ஊதா நிறத்தில் இரண்டு சொற்கள் சேர்ந்தன.

ஓட்டுநர் மூன்றாவது மாடிக்கு ஓடினார். அந்த இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் எடுத்துப் பார்த்தார். எடுத்ததையும் ஒரு திருத்தமாகக் கணக்கிட்டு, இன்னொரு கருத்துச் சுற்று தேவைப்படும், அதற்கு இருபத்திரண்டு நாள் என்று கணினியே அறிவித்தது. பயந்துபோய் மறுபடி சேர்த்துவிட்டார்.

"முதல் நாளே நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கணும் சார். என் கையெழுத்து செல்லாதுதான். ஆனா போட்டிருக்கணும்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரைத் தேற்றுகிற வேலையும் ஓட்டுநருக்கே வந்து சேர்ந்தது.

அறுபத்து மூன்றாம் நாள் எட்டாம் கூட்டாளிக்குப் புதுத் தலைவர் வந்தார். அவர் எதையும் பாதியிலிருந்து பார்க்கிற பழக்கம் இல்லாதவர். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கலாமா என்று பணிவாகக் கேட்டு ஒரு கடிதம் போட்டார். அதைப் பரிசீலிக்க ஒரு வாரம் போயிற்று. கடைசியில், தொடங்க வேண்டாம், தொடங்க வேண்டும் என்று அவர் விரும்பியதை அடிக்குறிப்பில் சேர்த்துவிடலாம் என்று சமாதானம் செய்தார்கள்.

எண்பத்து நான்காம் நாள் நேரடி மாநாடு. ஒரு பெரிய ஓட்டல் மண்டபம். ஒன்பது நாட்டு ஆட்களும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். மேடையில் கோப்புகளைக் கை மாற்றிக்கொண்டார்கள். படம் சரியாக விழவில்லை என்று மறுபடி வாங்கியவர் கொடுத்து, கொடுத்தவர் வாங்கினார். மூன்றாவது தடவை யாருடைய கோப்பு யாரிடம் போனது என்று யாருக்கும் தெரியவில்லை, உள்ளே ஒன்றும் இல்லாததால் சிக்கலும் இல்லை. மேடைக்குப் பின்னால் 'மனிதரே மையம்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. ஓட்டுநருக்கு இடம் கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால். சலவைப் பிரிவில் விடுப்புப் போட்டுவிட்டு மனைவியும் வந்திருந்தாள்.

இயக்குநர் உரையாற்றினார். சாதாரணமாகப் பேசுகிறவர்தான், ஒலிபெருக்கியைப் பார்த்ததும் அவருக்கு வேறு குரல் வந்துவிட்டது.

"ஒரு மனிதருக்கு உதவி செய்தால் அது கருணை. கருணை நல்லது, ஆனால் அதற்கு ஆராய்ச்சி மதிப்பு இல்லை. ஒரு மனிதருக்கு எப்படி உதவலாம் என்று பதினொரு நிறுவனங்கள் கூடிப் பேசினால் அது கூட்டாண்மை. இந்த மூன்று மாதத்தில் நாம் நாற்பத்தொரு கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். இத்தனைக்கும் காரணமாக இருந்த ஒருவர் இந்த மண்டபத்தில்தான் எங்கோ இருக்கிறார். அவருடைய பிரச்சினை சீக்கிரம் தீர்ந்திருந்தால் இது எதுவுமே சாத்தியமாகியிருக்காது. அவருடைய பொறுமைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மனைவி கை தட்டவில்லை. இந்த ஆள் பேசியதைக் கேட்டீர்களா என்று புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஓட்டுநர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இன்னும் ஆறு நாள் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டும் இருந்தார். சாப்பாட்டு வேளையில் அவர் இயக்குநரை வழிமறித்தபோது, கவலைப்படாதீர்கள், வாசகம் இறுதியாகிவிட்டது, பதினொரு பேரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள், இதுவரை உலகத்தில் எந்தக் கூட்டாண்மைக்கும் இப்படி ஒற்றுமை வாய்த்ததில்லை என்று இயக்குநர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பதினொரு கையெழுத்தும் வந்து சேர எண்பத்தொன்பதாம் நாள் ஆயிற்று. தொண்ணூறாம் நாள் மத்தியானம் ஒருங்கிணைப்பாளர் கையில் கொடுத்தார். கெட்டி அட்டை, பொன் எழுத்து, நாற்பத்திரண்டு பக்கம். ஓட்டுநர் பேருந்தில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தார். முன்னுரையில் ஒன்றும் புரியவில்லை. நன்றியுரையில் அவரைத் தவிர எல்லார் பெயரும் இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. அவர் நிறுத்தி நிதானமாக மூன்று தடவை படித்தார். மறுக்கவில்லை என்றால் நல்லதுதானே, நமக்குச் சாதகமாகத்தானே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் பதினொரு பேர் கூடி நம்மைக் கைவிட்டுவிடுவார்களா என்ன?

பணிமனையில் எழுத்தர் அவருக்காகவே காத்திருந்தார். மற்ற வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, முத்திரையை மையில் ஒற்றி, பேரேட்டை அவர் பெயருள்ள பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நம்ம ஆளுக்காக இவ்வளவு பெரிய புத்தகமா என்று பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினார். அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஓட்டுநர் பக்கத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார்.

எழுத்தர் வாய்விட்டுப் படித்தார். 'மேற்படி நேரத்தில் வாகனத்தின் முன்பகுதியில் இருந்த நபர் சில கணங்களிலேனும் விழித்திருந்திருக்கக்கூடும் என்பதைப் பதினொரு நிறுவனங்களும் ஒருமனதாக மறுக்கவில்லை.'

படித்து முடித்து முத்திரையைக் கீழே வைத்தார். மறுபடி மெதுவாக, வாய் அசைய, சத்தம் இல்லாமல் படித்தார். பக்கத்து மேசைக்காரரும் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

"அண்ணே," என்றார் எழுத்தர், குரலைத் தாழ்த்தி. "மிஷின்கூட நாலு செகண்டு தூங்கினீங்கன்னுதான் சொல்லுச்சு. இவங்க கொஞ்ச நேரம் முழிச்சிருந்திருக்கலாம்னு எழுதியிருக்காங்க."

ஓட்டுநர் அந்த வரியிலிருந்து விரலை எடுத்தார். இதைக் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். கொடுக்காவிட்டால் விதிப்படி ரத்து என்றார் எழுத்தர். கொடுத்தால் என்று கேட்டார். கொடுத்தால் ரத்து மட்டும் இல்லை, இருபத்தாறு வருடமாக எப்படி ஓட்டினார் என்று விசாரணை வைப்பார்கள், ஒன்பது நாடு சொல்லியிருக்கிறதே என்றார். சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். புத்தகத்தை மூடி, யாரும் பார்க்காதபோது மேசைக்கு அடியால் ஓட்டுநரின் கையில் திருப்பிக் கொடுத்தார். நான் இதைப் பார்க்கவே இல்லை என்றார்.

ஐந்து மணிக்கு உரிம அட்டையின் மூலையை வெட்டினார்கள். எழுத்தர் கத்தரியைத் தானே எடுக்காமல் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் நின்றுகொண்டார்.

ஓட்டுநர் பணிமனை வாசலில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். வண்டி கிளம்பிக் குழியில் இறங்கி ஏறியது. மனைவி கைப்பேசியில் கூப்பிட்டாள். சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கேட்டாள்.

"என்னங்க ஆச்சு? அந்தக் காகிதத்தைக் குடுத்தீங்களா? என்ன எழுதியிருக்காங்களாம்?"

மடியில் அந்த நாற்பத்திரண்டு பக்கம் கனத்தது.

"நான் தூங்கிட்டேனாம்," என்றார்.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."